சுருட்டை முடியும் நல்ல முடிதான்

அமெரிக்க நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக்கிடம் அவருடைய சின்ன மகள் ஒருநாள் ஒரு கேள்வி கேட்டாள். தனக்கு ஏன் நல்ல முடி இல்லை என்பதே அந்தக் கேள்வி. சட்டென்று பதில் சொல்ல முடியாத தந்தை, அதையே கருவாக வைத்து ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2009ஆம் ஆண்டு வெளிவந்த அந்தப் படத்தின் பெயர் 'குட் ஹேர்'. 'நல்ல முடி' என்பது அதன் பொருள்.

அந்தப் படம் அமெரிக்கச் சிகையலங்கார நிலையங்களில் தொடங்கி இந்தியக் கோயில் வரை செல்கிறது. பக்தர்கள் மொட்டையடித்துக் காணிக்கையாகத் தரும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, சவுரியாகிக் கடல் கடக்கிறது. கடைசியில் அது அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் தலையில் தைக்கப்படுகிறது. நம்மவர்கள் வேண்டுதலுக்காகக் கழித்த முடி, இன்னொரு நாட்டில் பெரும் விலை கொடுத்து வாங்கும் பொருளாகிறது. தங்களுக்கென்று அடர்த்தியான முடி இருந்தும் அந்தப் பெண்கள் ஏன் இன்னொருவர் முடியைத் தேடினார்கள்?

இதற்கு விடை தேட, முடியின் அறிவியலையும் வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சுருள் எங்கிருந்து வருகிறது?

முடி நேராக வளர்வதும் சுருண்டு வளர்வதும் தோலுக்கு அடியில் இருக்கும் மயிர்க்காலைப் பொறுத்தது. மயிர்க்கால் நேராக இருந்தால் முடியும் நேராக வளரும். அது வளைந்திருந்தால், முடி வெளியே வரும்போதே வளைந்து வரும். நேரான முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாகத் தெரியும். இறுகிய சுருட்டை முடியோ தட்டையான நீள்வட்டமாக இருக்கும்.

முடி என்பது கெரட்டின் என்னும் புரதம். அந்தப் புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் உறுதியாகக் கட்டி வைத்திருக்கின்றன. இவற்றைத் தவிர, தண்ணீர் பட்டால் விட்டுக்கொடுத்து, காய்ந்ததும் மறுபடியும் சேர்ந்துகொள்ளும் பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்புகளும் உண்டு. சூட்டு இரும்பால் நேராக்கிய முடி, புழுக்கமான நாளில் வெளியே போனதும் மறுபடி சுருள்வதற்கு இந்த இரண்டாவது வகைப் பிணைப்புகளே காரணம். சிங்கப்பூர், மலேசியா போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் வாழ்வோருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுருட்டை முடி ஏன் எளிதில் வறண்டு போகிறது என்பதற்கும் அதன் வடிவமே காரணம். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய், நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருளில் அது வளைவுக்கு வளைவு தடைப்பட்டு, நுனியை எட்டுவதே இல்லை. வேரில் எண்ணெய் இருக்கும், நுனி வறண்டு கிடக்கும். மேலும், ஒவ்வொரு வளைவும் முடி ஒடியக்கூடிய இடம். ஆகவே சுருட்டை முடி பார்வைக்குத் தடிமனாகத் தெரிந்தாலும் உண்மையில் மென்மையானது, பக்குவமாகக் கையாள வேண்டியது.

'இந்த முடி வளரவே வளராது' என்ற பேச்சும் தவறு. வளர்ந்த முடி சுருங்கி நிற்பதால் அதன் நீளம் தெரிவதில்லை. ஈரமாக இருக்கும்போது இழுத்துப் பார்த்தால் தோளைத் தொடும் முடி, காய்ந்ததும் காதருகில் வந்து நிற்கும்.

வெயிலுக்கு இயற்கை கொடுத்த குடை

இறுகிய சுருட்டை முடி மனிதனுக்கு எதற்காக வாய்த்தது? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீனா ஜப்லோன்ஸ்கி, டீனா லசிசி ஆகியோர் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2023ஆம் ஆண்டு வெளியானது. மனித உடல்சூட்டைக் கொண்ட ஒரு பொம்மையின் தலையில் நேரான முடி, ஓரளவு சுருண்ட முடி, இறுகச் சுருண்ட முடி ஆகிய மூன்று வகைப் பொய்முடிகளை மாட்டி, வெயில் போன்ற வெப்பத்தை அதன்மேல் பாய்ச்சினார்கள்.

மூன்று வகை முடியுமே தலையைக் காத்தன. ஆனால் மிகச் சிறப்பாகக் காத்தது இறுகச் சுருண்ட முடிதான். வெப்பமான ஆப்பிரிக்கச் சமவெளியில் நடந்து திரிந்த ஆதிமனிதனுக்கு, அதிகம் வியர்த்து நீரை இழக்காமல் மூளையைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள அது உதவியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். குறை என்று பலர் எண்ணும் ஒன்று, மனித குலத்தைக் காத்த கவசமாகவே இருந்திருக்கக்கூடும்.

தலையை மூடச் சொன்ன சட்டம்

அப்படிப்பட்ட முடி எப்படிக் 'கெட்ட முடி' ஆனது? ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகப் பிடித்துச் சென்றவர்கள், அவர்களின் உழைப்பைச் சுரண்டியதோடு நிற்கவில்லை. அவர்களின் தோற்றத்தையும் இழிவுபடுத்தினார்கள். வெள்ளையரின் முடிக்கு நெருக்கமான முடி நல்லது, அதிலிருந்து விலகிய முடி கெட்டது என்ற எண்ணம் தலைமுறை தலைமுறையாக ஊட்டப்பட்டது.

1786ஆம் ஆண்டு, அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவில் ஆளுநர் எஸ்டபன் மிரோ ஒரு விதி கொண்டுவந்தார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின, கலப்பினப் பெண்கள் தங்கள் தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்றது அந்த விதி. அந்தப் பெண்கள் விதியை மீறவில்லை. பளிச்சென்ற வண்ணத் துணிகளை எடுத்து, அழகழகாகத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வீதியில் நடந்தார்கள். அடையாளம் காட்டி ஒடுக்க நினைத்த துணி, அலங்காரமாக மாறியது.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தபோது, ஒருவர் எந்த இனம் என்று முடிவு செய்வதில் சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. பென்சில் கீழே விழுந்தால் அவர் வெள்ளையர். முடியில் சிக்கி நின்றுவிட்டால் அவர் வெள்ளையர் இல்லை. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்ற வாழ்க்கை முடிவுகள் ஒரு பென்சிலைத் தொங்கிக்கொண்டு நின்றன.

அதே நாட்டில், நிறவெறி ஒழிந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. 2016ஆம் ஆண்டு பிரிட்டோரியா நகரின் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், தங்கள் இயற்கையான முடியை நேராக்கச் சொல்கிறார்கள் என்று கறுப்பின மாணவிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். உலகச் செய்திகளில் அது பெரிதாகப் பேசப்பட்டது.

சூட்டுச் சீப்பும் காரக் களிம்பும்

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகு, வேலை தேடி நகரங்களுக்கு வந்த கறுப்பினப் பெண்களுக்கு நேரான முடி ஒருவகை நுழைவுச் சீட்டாக இருந்தது. முடி வணிகம் அங்கேதான் வேர்விட்டது.

1867இல் லூசியானாவில் பிறந்த சாரா பிரீட்லவ், துணி துவைத்துப் பிழைத்தவர். தலைத்தோல் கோளாறால் முடி கொட்டி வருந்திய அவர், பிறகு தலைமுடிப் பொருள்களை விற்கத் தொடங்கி, 'மேடம் சி.ஜே. வாக்கர்' என்ற பெயரில் பெரும் நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்கு விற்பனை முகவர் வேலை கொடுத்தார். சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர் அவரே என்று பலர் சொல்வது சரியன்று. அது அவருக்கு முன்பே இருந்தது. அவர் அதைப் பரவலாக்கினார். 1919இல் அவர் மறைந்தபோது, அமெரிக்காவின் மிகப் பெரிய செல்வம் படைத்த கறுப்பினப் பெண்களில் ஒருவராக இருந்தார்.

காரெட் மார்கன் என்பவரின் கதை வேறு மாதிரி. தையல் இயந்திரம் பழுதுபார்த்து வந்த அவர், ஊசி சூடேறாமல் இருக்க ஒரு திரவத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்த துணியின் இழைகள் நேராகிவிட்டதைக் கவனித்து, அந்தத் திரவத்தைப் பக்கத்து வீட்டு நாயின்மீது தடவிப் பார்த்ததாகவும், பிறகு தன் தலையிலும் சோதித்ததாகவும் சொல்வார்கள். 1913இல் முடி நேராக்கும் களிம்பு விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். சாலைப் போக்குவரத்துச் சமிக்ஞை ஒன்றுக்கு 1923இல் காப்புரிமை பெற்றவரும் இதே மார்கன்தான்.

பின்னாளில் 'ரிலாக்சர்' என்ற பெயரில் வந்த களிம்புகளில் பல, சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தைக் கொண்டவை. அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயைச் சுத்தம் செய்யப் பயன்படும் அதே இரசாயனம். கிறிஸ் ராக்கின் படத்தில் ஒரு வேதியியலாளர், அலுமினியப் பானக் குவளையை இந்தக் காரத்தில் கரைத்துக் காட்டுவார். தலைத்தோல் எரிந்து புண்ணானாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஏராளம். ஆண்களும் விதிவிலக்கில்லை. கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், இளவயதில் காரம் கலந்த களிம்பைத் தலையில் பூசி முடியை நேராக்கிக்கொண்டதையும், பிறகு அதற்காக வெட்கப்பட்டதையும் தன் வரலாற்று நூலில் விவரித்திருக்கிறார்.

நம் வட்டாரத்தில் பிரபலமான 'ரிபோண்டிங்' முறையின் அடிப்படையும் இதுவே. இரசாயனம் வேறு. முதல் களிம்பு கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. சூட்டு இரும்பு முடியை நேராக்குகிறது. இரண்டாவது களிம்பு அந்த நேர்நிலையிலேயே பிணைப்புகளை மறுபடி பூட்டுகிறது. ஆனால் எந்தக் களிம்பும் மயிர்க்காலின் வளைவை மாற்றுவதில்லை. புதிதாக வளரும் முடி சுருண்டே வரும். அதனால்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடியும் பணம் செலவழிக்க வேண்டியுள்ளது.

நீதிமன்றம் வரை சென்ற பின்னல்

1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் வலுத்தபோது, 'கறுப்பே அழகு' என்ற முழக்கமும் எழுந்தது. தலையைச் சுற்றி வட்டமாக நிற்கும் 'ஆஃப்ரோ' முடி, அந்தக் காலத்தின் அடையாளமானது. போராளியும் பேராசிரியருமான ஏஞ்சலா டேவிஸின் படத்தைப் பார்த்தவர்கள் அந்த முடியை மறக்கமாட்டார்கள்.

எனினும், வேலையிடங்கள் எளிதில் மாறவில்லை. தலையோடு ஒட்டிய வரிப் பின்னல்களுக்குத் தடை விதித்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின்மீது அதன் ஊழியர் ரெனீ ரோஜர்ஸ் வழக்குத் தொடுத்தார். 1981இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. பின்னல் என்பது பிறவியில் வந்ததன்று, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளக்கூடியது என்பது நீதிமன்றத்தின் வாதம்.

அந்த வாதத்தைச் சட்டம் மறுக்க நெடுங்காலம் ஆனது. 2019 ஜூலை மாதம் கலிஃபோர்னியா மாநிலம் 'கிரௌன்' சட்டத்தை இயற்றியது. மகுடம் என்ற பொருள் தரும் பெயர். இயற்கையான முடி அமைப்பு, பின்னல், சடைமுடி ஆகியவற்றைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ ஒருவரை ஒதுக்குவது இன அடிப்படையிலான பாகுபாடு என்று அது சொல்கிறது. அதைத் தொடர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதேபோன்ற சட்டத்தை இயற்றின. 2022இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையும் இதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் மேலவையைத் தாண்டி அது நாடு முழுமைக்குமான சட்டமாகவில்லை.

அழகைத் தாண்டிய கவலை

2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்களின் ஆய்வு முடிவு ஒன்று வெளியானது. 35 முதல் 74 வயது வரையுள்ள 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு அது. அந்தக் காலத்தில் 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது.

முடி நேராக்கும் இரசாயனங்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் 1.64 விழுக்காட்டினருக்கு 70 வயதுக்குள் இந்நோய் வரக்கூடும் என்றும், அடிக்கடி, அதாவது ஆண்டுக்கு நான்கு முறைக்குமேல் பயன்படுத்தியவர்களுக்கு அது 4.05 விழுக்காடாக உயர்கிறது என்றும் ஆய்வாளர்கள் கணித்தனர். இந்தப் பொருள்களைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் கறுப்பினப் பெண்கள்.

இதைப் படித்துப் பதற வேண்டியதில்லை. இரண்டிற்கும் தொடர்பு தெரிகிறது என்பதே ஆய்வின் முடிவு. இந்த இரசாயனம்தான் நோயை உண்டாக்குகிறது என்று அது நிரூபிக்கவில்லை. 4.05 விழுக்காடு என்பதும் நூற்றில் நால்வரே. ஆனாலும், ஆண்டுக்குப் பல முறை இதைச் செய்துகொள்பவர் யோசிக்க வேண்டிய கணக்கு அது.

'கெரட்டின் சிகிச்சை' என்ற பெயரில் செய்யப்படும் சில நேராக்கும் முறைகளில், சூடேறும்போது ஃபார்மல்டிஹைடு வாயு வெளியாகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. வாடிக்கையாளரைவிட, நாள் முழுதும் அந்த அறையில் நின்று வேலை செய்யும் சிகையலங்காரப் பெண்ணே அதை அதிகம் சுவாசிக்கிறார்.

பராமரிப்பு எப்படி?

சுருட்டை முடிக்கு முதல் தேவை ஈரம். மற்ற எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

கழுவுதல்: மிக இறுகிய, வறண்ட சுருட்டை முடியை வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஷாம்பு போட்டுக் கழுவினால் போதும் என்பது அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் பரிந்துரை. நம் வெயிலில் தலை வியர்க்கும்போது, இடையில் வெறும் தண்ணீரால் அலசிக் கண்டிஷனர் மட்டும் போடலாம். ஷாம்பு தலைத்தோலுக்கு, கண்டிஷனர் நுனிக்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கெடுத்தல்: காய்ந்த சுருட்டை முடியைச் சீவவே கூடாது. ஈரமாக, கண்டிஷனரின் வழவழப்பு இருக்கும்போதே, பல் அகலமான சீப்பாலோ விரல்களாலோ நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். வேரிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் முடி வளைவுகளில் ஒடியும்.

உலர்த்துதல்: துண்டால் பரபரவென்று தேய்ப்பதைத் தவிருங்கள். பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுத்தால் சுருள் கலையாது.

ஈரத்தைப் பூட்டுதல்: எண்ணெய் மட்டும் ஈரம் தராது. இருக்கும் ஈரத்தை வெளியேறாமல் காப்பதே அதன் வேலை. எனவே தலை ஈரமாக இருக்கும்போதே கிரீம் தடவி, அதன்மேல் சில சொட்டு எண்ணெய் தடவ வேண்டும். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் இங்கே கைகொடுக்கும். அது முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்றும் 2003இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. தலை குளிப்பதற்கு முன் எண்ணெய் வைக்கும் பாட்டியின் பழக்கத்திற்கு இதுவே விளக்கம்.

இரவு: பருத்தித் தலையணை உறை முடியின் ஈரத்தை உறிஞ்சி, உரசலையும் கூட்டும். வழுவழுப்பான சாட்டின் உறை நல்லது. தலையில் சாட்டின் துணி கட்டிக்கொள்வது இன்னும் நல்லது.

பின்னல்: பின்னி விடுவது முடிக்கு ஓய்வு. ஆனால் நெற்றி இழுபடும் அளவுக்கு இறுக்கிப் பின்னினால், முன்நெற்றி முடி மெல்ல மெல்லக் கொட்டும். நெடுநாள் தொடர்ந்தால் அந்த இடத்தில் முடி திரும்ப வளராமலே போகலாம். பின்னி முடித்ததும் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், உடனே தளர்த்தி விடுங்கள்.

நேராக்குவதை விட்டு இயல்பான முடிக்குத் திரும்ப விரும்புவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நேராக்கிய பகுதியை ஒரே மூச்சில் வெட்டிவிடுவது. மற்றொன்று, புதுமுடி வளர வளரப் பழைய நுனியைச் சிறிது சிறிதாக வெட்டி வருவது. இரண்டாவது வழியில், சுருளும் நேர்முடியும் சேரும் இடம் எளிதில் ஒடியும். முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரே வளர்வதால் பொறுமையும் தேவை.

நம் வீட்டுக் கண்ணாடி

தமிழர்களிடமும் சுருட்டை முடி அரிதன்று. பழந்தமிழில் கூந்தலுக்குக் 'குழல்' என்று ஒரு பெயர். 'சுரிகுழல்' என்று சுருண்ட முடியைச் சிறப்பித்தே சொன்ன மொழி இது. ஆனால் இன்று ஷாம்பு விளம்பரத்தில் வரும் பெண்ணுக்குப் பட்டுப்போல் வழுக்கி விழும் நேர்முடிதான். பள்ளியில் 'புதர்', 'மேகி மீ' என்று கேலி கேட்டு வரும் பிள்ளை, வீட்டிலும் அதையே கேட்க நேரிடுகிறது. "தலையைப் பார், எப்படிப் பறந்துகொண்டு நிற்கிறது" என்று தாய் சொல்வது அன்பினால்தான். பிள்ளையின் மனத்தில் பதிவது வேறு.

முடியை நேராக்கிக்கொள்வது குற்றமில்லை. அது அவரவர் விருப்பம். விவரம் தெரிந்து, விரும்பித் தேர்ந்தெடுத்தால் அது அலங்காரம். தன் முடி கெட்ட முடி என்று நம்பி, வேறு வழியில்லை என்று செய்தால் அது அலங்காரம் ஆகாது. ஒரு சமூகம் முந்நூறு ஆண்டுகளாகச் சுமந்து, இப்போதுதான் இறக்கி வைக்கத் தொடங்கியிருக்கும் பாரம் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குத் தலை வாரும்போது கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து நிதானமாகச் சிக்கெடுங்கள். பேசும் சொல்லிலும் அதே நிதானம் இருக்கட்டும். சீப்பு அரைமணி நேரத்தில் வேலையை முடித்துவிடும், சொல் நெடுநாள் தங்கும்.